கலியாண வீட்டு ஜெனரேட்டர்

வணக்கம் நேயர்களே. இஸ்திரிப்பெட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமே. சூடு கூடினால் கரண்ட் முழுதாக நிற்கும், குறைந்தால் முழுதாக வரும். கொட்டியாரக்குடாவில் வள்ளம் ஓட்டுகிறவர் அப்படியா சுக்கான் பிடிக்கிறார்? வள்ளம் கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திருப்புவார், நிறைய விலகினால் நிறையத் திருப்புவார். பிழைக்கு ஏற்ற அளவில் திருத்தம். விகிதமுறைக் கட்டுப்பாடு என்பது இதுதான்.

கரண்ட் போனால் கடைத்தெருவில் தடதடக்கும் ஜெனரேட்டருக்குள்ளும் ஒரு சுக்கான்காரர் இருக்கிறார். கவர்னர் என்று பெயர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. நான்கு காந்தத் துருவம் உள்ள ஜெனரேட்டர் அதைத் தர நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்று விழுந்தால் கவர்னர் எரிபொருளைத் திறக்கும், ஏறினால் மூடும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் பூட்டிய, சுழலும் இரண்டு உலோக உருண்டைகளுக்கும் இதே வேலைதான்.

எனக்கு இருபது வயதிருக்கும். உப்புவெளியில் ஒரு கலியாண வீடு. ஜெனரேட்டர் வெறுமனே ஓடும்போது 52 ஹெர்ட்ஸ், லைட்டெல்லாம் போட்டதும் 50. கவர்னர் பழுது என்று முடிவுகட்டினேன். பழுதே இல்லை! லைட்டெல்லாம் எரிய எரிபொருள் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும்; அதற்கு அந்தச் சுற்றுக் குறைவு இருந்துகொண்டே இருக்க வேண்டும். குறைவு முற்றாக நீங்கினால் திறப்பும் நீங்கிவிடும். திரும்பவும் சொல்கிறேன்: பிழையைத் தின்றுதான் கவர்னர் வேலை செய்கிறது, பிழை தீர்ந்தால் அது பட்டினி.

அன்று இது தெரியாதே. கவர்னர் ஸ்பிரிங்கைக் கழற்றி, நெம்புகோலில் அச்சுக்குக் கிட்ட இருந்த ஓட்டையில் கொளுவினேன். சின்னக் குறைவுக்கும் பெரிய திருத்தம் வரட்டும் என்று. வந்தது! எஞ்சின் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். பந்தலில் லைட்டெல்லாம் மூச்சு வாங்கின. திருத்தம் போய்ச் சேர்வதற்குள் சுற்று எல்லை தாண்டிவிடும், உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். ஓட்டப் பழகுகிறவர் சுக்கானை வெடுக்கென்று திருப்பி, வள்ளத்தைப் பாம்பு மாதிரி நெளிய விடுவாரே, அந்தக் கூத்துதான். பொம்பிளையின் தாய்மாமன் வந்து, "தம்பி, மங்கலா எரிஞ்சாலும் பரவாயில்லை, நிண்டு எரிஞ்சாக் காணும்" என்றார். ஸ்பிரிங்கைப் பழைய ஓட்டைக்கே மாற்றினேன். சாப்பாடு தந்தார்கள், அது வேறு கதை.

சரி, அந்த 2 ஹெர்ட்ஸையும் ஒழிக்க வழி உண்டு. மிஞ்சிய பிழையை நேரத்தோடு கூட்டிச் சேர்த்து, அதற்கேற்ப எரிபொருளை மெல்ல ஏற்றலாம். அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் 1927இல் ஹட்சன் ஆற்றுப் படகில் போகும்போது, வெளிவருவதில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி ஊட்டித் தன் பிழையைக் குறைக்கும் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டுபிடித்த கதையும் வைத்திருந்தேன். பாலம் வருமுன் கிண்ணியாவில் பாதைக்கு, அதாவது தண்ணீரைக் கடக்கும் மிதவைப் படகுக்கு, காத்துக் கிடந்தவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், செய்தி நேரமாம். வணக்கம்.