சத்தியம் வாங்காதீர்கள், கூட்டத்துக்கு அனுப்புங்கள்

அவையோருக்கு வணக்கம்.

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மாரில் பலர் கணவரிடமோ மகனிடமோ ஒருமுறையாவது சத்தியம் வாங்கியிருப்பீர்கள். பிள்ளையின் தலையில் கை வைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று அவரும் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை, நம்புங்கள். குடியை அவர் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியபடியே இருப்பதுதான் முடியாமல் போகிறது.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவர், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே கடை வாசலில் நிற்கிறார். பக்தி போய்விட்டது என்கிறோம். எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்த ஒரு மண்டலமும் அதே விரதம் இருக்கும் சாமிகள் அவரைச் சுற்றி இருந்தார்கள், மாலையில் பஜனை இருந்தது, கேட்பதற்கு ஒரு குருசாமி இருந்தார். மாலை இறங்கியதும் அந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது.

கலையாத கூட்டம் ஒன்று, குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் என்ற ரப்பர் ஆலை நகரத்தில் தொடங்கியது. 1935 மே மாதம். நியூயார்க்கிலிருந்து ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றும் வேலையாக வந்த பில் வில்சன் தோற்றுப்போய், கையில் காசில்லாமல் ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் பல குடிகாரர்களைத் திருத்தப் பார்த்தார், ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார். இதைக் கவனியுங்கள். அன்று அவருக்குத் தேவைப்பட்டது தன் பேச்சைக் கேட்க இன்னொரு குடிநோயாளி. தொலைபேசியை எடுத்து, தெரியாத ஊரில் பாதிரியார்களை அழைத்து, அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்டார்.

மறுநாள் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். முந்தைய நாள் குடித்ததில் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர், இரவு பதினொரு மணி கடந்தும் எழுந்திருக்கவில்லை. குடல் கெடும், குடும்பம் கெடும் என்று ஒரு மருத்துவருக்கு யார் பாடம் எடுப்பது? வில்சன் எடுக்கவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். பாப் அதன் பிறகும் ஒருமுறை சறுக்கினார். ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1950-இல் இறக்கும்வரை அவர் தொடவில்லை. வில்சனும் 1971-இல் இறக்கும்வரை தொடவில்லை. இருவரும் முதலில் செய்த காரியம், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மூன்றாவது ஆளைத் தேடிப் போனதுதான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: இந்தக் கூட்டங்களில் உதவி பெறுகிறவரைவிட உதவி செய்கிறவர் அதிகம் பிழைக்கிறார். 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். வீட்டில், வேலையிடத்தில், காவல் நிலையத்தில் என்று எங்கும் திட்டு வாங்கியே பழகிய ஒரு மனிதரிடம், முதல் நாள் வந்த இளைஞன், "அண்ணே, முதல் வாரத்தை எப்படித் தாண்டினீங்க?" என்று கேட்கிறான். அவர் சீரழிந்த வருடங்களுக்கு அன்றுதான் ஒரு பயன் கிடைக்கிறது. நாளைக்கு அந்தப் பையன் போன் செய்தால் எடுக்க வேண்டும்; அதற்காகவாவது இன்று குடிக்காமல் இருக்க வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளிகளை முறையாக ஏ.ஏ. கூட்டங்களில் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கூட்டங்களில் வரும், கடவுளை முன்வைக்கும் பேச்சு சிலருக்கு ஒத்துவராது. மருந்தின் இடத்தையும் கூட்டம் பிடிக்க முடியாது. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, அப்புறம் கூட்டம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர். அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, குடிநோய் சிகிச்சைக்காக 1980-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்; டி.டி.கே. மருத்துவமனை அதனுடையதுதான். வீட்டாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அங்கே முக்கியமான வேலை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் கூட்டங்களும் உண்டு. குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம், அம்மா. அவர் திருந்துவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வெளியில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நன்கொடை கொடுக்காதீர்கள், ஏ.ஏ. வாங்காது, உறுப்பினர்கள் போடும் காசிலேயே நடக்கிறது. இடம் கொடுங்கள். பள்ளி வகுப்பறையோ சங்கக் கட்டடமோ, வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம் போதும். வாடகை தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகத் தருகிறேன் என்று வற்புறுத்தாதீர்கள். சாவியைக் கொடுத்ததும் கிளம்பிவிடுங்கள். யார் யார் உள்ளே போகிறார்கள் என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள்.