ஒரே வாழ்க்கைய மூணு தடவை எழுதினவரு

(திரையில்: பழைய நோட்டுப் பக்கம். ஒரு வரி அடிச்சிருக்கு, அதுக்கு மேல வேற மையில இன்னொரு வரி.)

வணக்கம். நம்மளப் பத்தி நாமளே சொல்லிக்கிற கதை ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும். "வீட்ல என்னை யாரும் கண்டுக்கல", "எனக்குக் கணக்கு வராது." இருபது வயசுல சொன்னத நாப்பதுலயும் வரி மாறாம சொல்லிட்டு இருப்போம். மாத்திச் சொன்னா பொய் சொல்ற மாதிரி மனசு உறுத்தும்.

அந்த உறுத்தல எனக்குப் போக்கினவரு ப்ரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவுல மேரிலேண்ட்ல அடிமையாப் பொறந்து, 1838-ல தப்பிச்சு, அடிமை முறைய எதிர்த்து ஊர் ஊராப் பேசினவரு. தன் வாழ்க்கைய 1845, 1855, 1881-ன்னு மூணு புத்தகமா எழுதினாரு.

அவங்க அம்மாவப் பத்தி எழுதினத மட்டும் பாருங்க. அம்மாவுக்கு வேலை 12 மைல் தள்ளி. முதல் புத்தகத்துல, நாலஞ்சு தடவைக்கு மேல பார்த்ததில்ல, பகல்ல பார்த்த ஞாபகமே இல்லங்கிறாரு. அவங்க இறந்த சேதி கேட்டப்ப, யாரோ தெரியாதவங்க இறந்த மாதிரிதான் இருந்துச்சாம்.

பத்து வருஷம் கழிச்சு, ரெண்டாவது புத்தகம். சமையக்காரம்மா பட்டினி போட்ட ஒரு ராத்திரி. பையன் நாலு சோளமணிய அடுப்புச் சாம்பல்ல போட்டுச் சுடறான். அப்ப அம்மா உள்ள வர்றாங்க. விஷயம் கேட்டுச் சமையக்காரம்மாவ ஒரு பிடி பிடிக்கிறாங்க. பையன் கையில பெரிய இஞ்சி கேக் ஒண்ணு குடுக்கிறாங்க. இதய வடிவம், ஓரத்துல கருப்பாப் பளபளன்னு ஒரு வளையம். அம்மா மடியிலயே தூங்கிப்போறான். விடிஞ்சு பார்த்தா அம்மா இல்ல.

அவங்களுக்குப் படிக்கத் தெரியும்ங்கிறதே அவங்க இறந்தப்புறம்தான் இவருக்குத் தெரியுது. எழுத்து மேல தனக்கிருக்கிற ஆசை அவங்க குடுத்ததுன்னு பெருமையா எழுதுறாரு.

அப்போ முதல்ல எழுதினது பொய்யா? நான் அப்படி நினைக்கல. 27 வயசுல, தாயையும் பிள்ளையையும் பிரிச்ச கொடுமைய ஊருக்குக் காட்டற வேகத்துல எழுதினது அது. கேக் குடுத்த அந்த ராத்திரிக்கு அப்ப இடம் கிடைக்கல.

சில விஷயத்த அப்ப சொல்லவும் முடியாது. மாலுமி மாதிரி உடுத்தி, இன்னொருத்தரோட மாலுமிச் சான்றக் காட்டி ரயில்ல தப்பிச்சத மூணாவது புத்தகத்துலதான் எழுதினாரு. முன்னாடியே எழுதியிருந்தா உதவினவங்க மாட்டியிருப்பாங்க. அடிமை முறை ஒழிஞ்சது 1865-ல.

1877-ல, படுக்கையில கிடந்த பழைய எஜமானரைப் பார்க்கப் போறாரு. தான் பொறந்தது 1817-ன்னு கணக்குப் போட்டிருந்தவருக்கு, 1818 பிப்ரவரின்னு அங்கதான் தெரியுது. வயசான பாட்டிய இந்த எஜமானர் கைவிட்டதா எழுதினது தப்புன்னு அவர்கிட்டயே ஒத்துக்கிறாரு. ஆனா ஓடிப்போனதுக்கு வருத்தப்படல. உங்கள விட்டு ஓடல, அடிமைத்தனத்த விட்டுத்தான் ஓடினேன்னு சொல்றாரு.

நீங்களும் உங்க கதையில ஒரு வரிய எடுங்க. இன்னிக்குத் தேதி போட்டு, இப்ப தெரிஞ்சத வச்சுத் திரும்ப எழுதுங்க. அப்ப கூட இருந்த அத்தையோ மாமாவோ இருந்தா, போய்க் கேளுங்க. தள்ளிப் போடாதீங்க. பழைய பக்கத்தக் கிழிக்க வேண்டாம்.

(திரையில்: 1892)

எழுபத தாண்டின டக்ளஸ், அந்த மூணாவது புத்தகத்துல புதுசா ஒரு பகுதி சேர்த்து மறுபடி வெளியிட்டாரு.