நரம்பு வலி மாத்திரை: எரிச்சல் குறைஞ்சிருக்கு, ஆனா தள்ளாடுறாங்க. நிறுத்திடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குப் பேச அஞ்சாறு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். ஆனா ஒரே ஒரு கேள்வி ரெண்டு நாளா மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. அதை முடிக்காம வேற எதுவும் ஓடாது. வாசிச்சுடறேன்.

"அம்மாவுக்கு 68 வயசு. 20 வருஷமா சுகர். உள்ளங்கால் எரிச்சலுக்கு ப்ரெகாபலின் 75, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு கொடுத்திருக்காங்க. ஆறு வாரம் ஆச்சு. எரிச்சல் தேவலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா காலையில எந்திரிச்சா தள்ளாடுறாங்க. பகல்லயும் தூங்கி வழியறாங்க. மாத்திரைப் பெட்டிக்குள்ள இருந்த தாள்ல பக்க விளைவுன்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கு. அதைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நன்மை பெருசா, கெடுதல் பெருசா? நிறுத்திடலாமா?"

இதுக்குக் கீழ ஒரு வரி: "தூக்க மாத்திரையும் ரொம்ப வருஷமா போடுறாங்க."

அந்தக் கடைசி வரிதான் என்னை விடமாட்டேங்குது. கேள்வி முழுக்க ப்ரெகாபலின் பத்தி. ஆனா பாதி பதில் போகிற போக்குல எழுதின அந்த வரியில இருக்கு. வர்றேன் அதுக்கு.

முதல்ல ஒண்ணு. இன்னைக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க. இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக்கூடாது. குறைஞ்சது ஒரு வாரமாவது எடுத்துக்கிட்டு, படிப்படியா, டாக்டர் சொல்றபடிதான் இறக்கணும். என்கிட்ட ஒருத்தர் வந்தார், ஊருக்குப் போன இடத்துல மாத்திரை தீர்ந்துபோச்சு, சரி விட்டுடலாம்னு விட்டிருக்கார். மூணு ராத்திரி தூக்கம் இல்ல, உடம்பெல்லாம் வேர்வை, படபடப்பு. மாரடைப்போன்னு பயந்து ஓடிவந்தார். இதயத்துல ஒண்ணும் இல்ல. வலிப்பு நோய்க்காக இதே மாத்திரையைச் சாப்பிடுறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பே திரும்ப வந்துடலாம்.

இப்ப அந்தத் தூக்க மாத்திரை. ப்ரெகாபலின், அதே வகை மருந்தான கபாபென்டின் ரெண்டும் மூளையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். தூக்க மாத்திரையும் அதையேதான் செய்யுது. ரெண்டும் ஒரே ராத்திரியில உள்ள போனா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டோட நிக்காது. 2019 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டாங்க. வயசானவங்க, நுரையீரல் நோய் இருக்கிறவங்க, ஓபியாய்டுன்னு சொல்ற மார்ஃபின் வகை வலி மாத்திரையோ மயக்கம் தர்ற மாத்திரையோ சேர்த்துச் சாப்பிடுறவங்க, இவங்களுக்கு இந்த வகை மாத்திரையால மூச்சு மந்தமாகலாம்னு. டிராமடாலும் அந்த வகை வலி மாத்திரைதான், அதைச் சாப்பிடுறவங்களுக்கும் இது பொருந்தும். அம்மா காலையில தள்ளாடுறதுக்குப் பழியை ப்ரெகாபலின் மேல மட்டும் போட முடியாது. அதுக்காகத் தூக்க மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து. ரெண்டு மாத்திரையையும் கையில எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர் மேஜை மேல வையுங்க. ஒருவேளை ரெண்டையும் எழுதினது வேற வேற டாக்டரா இருக்கலாம்.

அடுத்தது கிட்னி. இதை எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். திரும்பவும் சொல்லுவேன். ப்ரெகாபலின் ஈரல்ல கரையற மருந்து இல்ல. கிட்டத்தட்ட மொத்தமும் அப்படியே சிறுநீர்லதான் வெளிய போகுது. கிட்னி மெதுவா வேலை செஞ்சா மருந்து உடம்புலயே தங்கிடும். 75 சாப்பிட்டாலும் 150 சாப்பிட்ட மாதிரி ஆகிடும்.

"கிரியாட்டினின் 1.2தான், நார்மல்னு சொன்னாங்க"ம்பீங்க. கிரியாட்டினின்ங்கிறது கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல அளக்கிறது. இருங்க, ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 68 வயசு அம்மா, எடை 50 கிலோன்னு வச்சுக்குவோம், கிரியாட்டினின் 1.2. 140ல இருந்து வயசைக் கழிங்க, 72. அதை எடையால பெருக்குங்க, 3600. பெண்கள்ங்கிறதால 0.85 ஆல பெருக்குங்க, 3060. இதை 72 பெருக்கல் 1.2 (இந்த 72 கணக்குல எப்பவும் மாறாத எண், முன்னாடி வந்த 72 இல்ல), அதாவது 86.4 ஆல வகுத்தா, 35 வருது. நிமிஷத்துக்கு 35 மில்லிதான் கிட்னி சுத்தம் பண்ணுது. 60க்குக் கீழ, 30 வரைக்கும் இருந்தா வழக்கமான டோஸ்ல பாதிதான் கொடுக்கணும். ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கும், ஆனா அந்த அம்மாவோட கிட்னிக்கு அந்த டோஸ் அதிகமா இருக்கலாம். அவங்க எடையும் கிரியாட்டினினும் எனக்குத் தெரியாது. ஆனா 20 வருஷ சுகர்னா இதைப் பார்க்காம டோஸ் பேசவே கூடாது.

சரி, மாத்திரைப் பெட்டிக்குள்ள இருந்த அந்தத் தாள். பக்க விளைவுன்னு ஒரு பக்கம் முழுக்க இருக்குன்னா அத்தனையும் அம்மாவுக்கு வரப்போகுதுன்னு இல்ல. ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்க சொன்னது அதுல பதிவாகும். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் தலை சுத்துதுன்னு சொன்னவங்க உண்டு. தாளைப் படிக்காதீங்கன்னு சொல்ல வரல. எது எப்ப வரும்னு பிரிச்சுப் படிங்க.

தலை சுத்தல், தூக்கம், தள்ளாட்டம் இதெல்லாம் முதல்ல வரும். மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில நாள்லயோ டோஸ் ஏத்தினப்பவோ வரும். நிறைய பேருக்கு ரெண்டு மூணு வாரத்துல தணிஞ்சுடும். ஆறு வாரம் ஆகியும் அப்படியே நிக்குதுன்னா டோஸ் அதிகம், இல்ல கூட வேற மாத்திரை சேருது, இல்ல கிட்னின்னு யோசிக்கணும். கால் வீக்கம், எடை ஏறுறது இதெல்லாம் வேற ஜாதி. சத்தம் போடாம மாசக்கணக்குல வரும். அதனாலதான் யாரும் மாத்திரையோட சேர்த்துப் பார்க்கிறதில்ல, "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடறாங்க. இது போக, மனசு ரொம்ப சோர்ந்து உயிரை விடணும்னு தோணுறது, முகம் நாக்கு வீங்குறது, மூச்சு திணறுறது. இதுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இப்ப நன்மைக்கு வருவோம். தராசுல ஒரு தட்டை மட்டும் பார்த்துட்டுப் போகக்கூடாது இல்லையா.

இந்த மாத்திரை நரம்பைக் குணப்படுத்தாது. பழுதான நரம்பு காரணமே இல்லாம மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. நரம்போட முனையில கால்சியம் உள்ள போற ஒரு வாசல் இருக்கு, அதுல ஆல்ஃபா-2-டெல்டான்னு ஒரு பாகம். மாத்திரை அங்க போய் ஒட்டிக்கிட்டு, சேதி கடத்துற ரசாயனம் அளவுக்கு மீறி வெளிய வராம தடுக்குது. மணியோட சத்தம் குறையும், அவ்வளவுதான். அதனால எரிச்சல், சுருக் சுருக்னு குத்துறது, கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறது, இதுக்கெல்லாம் கேட்கும். மதமதப்புக்குக் கேட்காது. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலம்பாங்களே, அதுக்கு இந்த மாத்திரை எவ்வளவு ஏத்தினாலும் பலன் இல்ல. மதமதப்புக்காக டோஸ் ஏத்திக்கிட்டே போய்த் தள்ளாட்டத்தை வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன். காலே மதமதன்னு இருக்கு, தலையும் சுத்துதுன்னா ராத்திரி பாத்ரூம் போறப்ப என்ன ஆகும்? இடுப்பு எலும்பு.

எத்தனை பேருக்குக் கேட்கும்? கூடப் பிறந்த மருந்து கபாபென்டினை எடுத்துக்குவோம், அக்கி வந்து போன பிறகு நிக்கிற வலிக்கு. 2017ல பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்திருக்காங்க. 100 பேர் சாப்பிட்டதுல 32 பேருக்கு வலி பாதிக்குப் பாதி குறைஞ்சது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 100 பேர்ல 17 பேருக்கும் அதே அளவு குறைஞ்சது. 15 பேர்தான் வித்தியாசம். இன்னொரு பக்கம், கபாபென்டின் சாப்பிட்டவங்கள்ல 100க்கு 19 பேருக்குத் தலை சுத்தல், 14 பேருக்குத் தூக்கம்.

இதைக் கேட்டுட்டு "அப்ப வேஸ்ட் மாத்திரையா டாக்டர்"னு கேட்காதீங்க. அந்த 32 பேருக்கு இது வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்த மாத்திரை. மிச்ச 68 பேருக்கு அந்த அளவு பலன் இல்ல. நம்ம அம்மா எந்தப் பக்கம்? எந்த ஆராய்ச்சியும் சொல்லாது. சாப்பிட்டுப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் தெரியும்.

அளக்கிறதுன்னா எப்படி? இதுதான் நான் எப்பவும் சொல்ற போர்வைக் கணக்கு. புதுசா வந்தவங்களுக்காகத் திரும்பச் சொல்றேன். ஒரு பெரியவர் வருவார். சுகர்ல கால் நரம்பு கெட்டுப்போனவர். போர்வை கால்ல பட்டாலே தீ பட்ட மாதிரி எரியும் அவருக்கு. குளிர்லயும் காலை வெளிய நீட்டிக்கிட்டுத் தூங்குவார். அப்புறம் அவரே ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, ஒரு பக்கம் வெட்டி, கட்டில் கால்மாட்டுல கவிழ்த்து, அதுக்குள்ள காலை விட்டு, மேல போர்வையைப் போட்டுத் தூங்கினார். பெட்டி ஓரம் காலைக் கீறிடக்கூடாதுன்னு உள்பக்கம் பழைய துணி வச்சுத் தச்சிருந்தார்.

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு வந்தார். "பத்துக்கு எவ்வளவு வலி?"ன்னேன். "ஏழு." முதல் நாளும் ஏழுதான் சொல்லியிருந்தார். பலன் இல்ல, மாத்திரையை மாத்திடலாம்னு பேனாவை எடுத்துட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சொன்னாங்க, "பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டாரு டாக்டர். பத்து நாளாச்சு, போர்த்திக்கிட்டுதான் படுக்கறாரு." அவருக்கே அது தோணல! வலி குறைஞ்சதும் பழைய வலி மறந்துபோச்சு, மிச்சம் இருக்கிறதுக்கு மறுபடி ஏழு மார்க் போட்டுட்டார். அன்னைக்கு நான் அந்த நம்பரை மட்டும் நம்பியிருந்தா நல்லா கேட்கிற மாத்திரையை நிறுத்தியிருப்பேன்.

அதனாலதான் மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதுங்கன்னு சொல்றேன். வலியால எது முடியல? போர்வை போர்த்த முடியல. ராத்திரி நாலு தடவை எழும்பறேன். பத்து நிமிஷம் நிக்க முடியல. இப்படி ரெண்டு மூணு. நாலு வாரம், ஆறு வாரம் கழிச்சு அதே தாளை எடுங்க. எதிர்ப்பக்கத்துல மாத்திரையால எது முடியலன்னு எழுதுங்க. சுவரைப் பிடிக்காம பாத்ரூம் போக முடியல. பேப்பர் படிக்க உட்கார்ந்தா தூங்கிடறேன். இப்ப வலிப் பக்கத்தையும் மாத்திரைப் பக்கத்தையும் நேருக்கு நேர் வச்சுப் பார்க்கலாம்.

உண்மையைச் சொல்லணும்னா, நிறுத்தலாமாங்கிறதை விட வேற ஒரு கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். "பலன் இல்லைன்னா எந்தத் தேதியில நிறுத்தணும்?" ஒருத்தர் கூட இதைக் கேட்டதில்ல. இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்கிற சியாட்டிகாவுக்காக ப்ரெகாபலின் ஆரம்பிச்சு மூணு வருஷம் சாப்பிட்ட ஒரு அம்மா வந்தாங்க. கேட்குதான்னு கேட்டா, "தெரியல, சீட்டுல இருக்கு, சாப்பிடறேன்"னாங்க. கணுக்கால்ல அமுக்கினா குழி விழுது. எடை ஏறியிருக்கு. 2017ல ஆஸ்திரேலியாவுல சியாட்டிகாவுக்கு இதே மருந்தை 209 பேர்கிட்ட சோதிச்சுப் பார்த்தாங்க. வெறும் மாத்திரையை விட வலி ஒண்ணும் கூடுதலாக் குறையல, பக்க விளைவு மட்டும் கூடுதல். இந்த அம்மாவுக்கு மெதுவா இறக்கினோம். வலி கூடவே இல்ல. அந்த மூணு வருஷத்துல நன்மைத் தட்டுல ஒண்ணுமே இருந்ததில்ல. அதை யாரும் எட்டிப் பார்க்கல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

வேற மாத்திரைக்கு மாறலாமான்னு கேட்பீங்க. சுருக்கமாச் சொல்றேன். 2022ல பிரிட்டன்ல சுகர் நரம்பு வலிக்காரங்க 130 பேருக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், ப்ரெகாபலின் மூணையும் மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணு போதலைன்னா இன்னொண்ணு சேர்த்தாங்க. எதுல ஆரம்பிச்சாலும் பத்துக்கு 6.6 இருந்த வலி 3.3 கிட்ட வந்துடுச்சு. வித்தியாசம் பக்க விளைவுலதான். ப்ரெகாபலின்ல தலை சுத்தல் கூடுதல், டுலாக்ஸெடின்ல குமட்டல், அமிட்ரிப்டிலின்ல வாய் வறட்சி. 68 வயசுல அமிட்ரிப்டிலின்னா சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், கண் அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் யோசிக்கணும். ஈரல் கெட்டிருந்தா டுலாக்ஸெடின் வேண்டாம். இன்னொண்ணு, சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடுறாங்கன்னா ரத்தத்துல வைட்டமின் பி12 பாருங்க. மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும், பி12 குறைஞ்சாலும் கால் இதே மாதிரி எரியும். அது ஊசியிலயோ மாத்திரையிலயோ சரி பண்ணக்கூடிய விஷயம்.

இப்ப இந்தக் கேள்வியை அனுப்பின மகளுக்கு. இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. எல்லா மாத்திரையும், கடைசியா எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டும், அம்மாவோட எடையும் கொண்டுபோங்க. காலை மாத்திரையைக் குறைச்சு ராத்திரிக்கு மட்டும் வச்சுக்கலாமான்னு கேளுங்க. அதுவரைக்கும் ராத்திரி பாத்ரூம் வழியில லைட் எரியட்டும், எழும்பினா யாராவது கூடப் போங்க.

அப்புறம் உங்க கேள்வியை இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தேன். எரிச்சல் தேவலைன்னு நீங்க நினைக்கிறீங்க, தள்ளாட்டத்தை நீங்க பார்க்கிறீங்க, தாளையும் நீங்கதான் படிச்சிருக்கீங்க. அம்மா சொன்னதுன்னு ஒரு வரி கூட இல்ல. ராத்திரி போர்த்திக்க முடியுதாம்மான்னு அவங்ககிட்டயே கேளுங்க. சொன்னதை அவங்க வார்த்தையிலயே எழுதி டாக்டர்கிட்ட கொடுங்க.