பூசணிக்காய் எங்கே விழ வேண்டும்?

(ஆயுத பூஜையையொட்டி வணிகர்களும் ஆட்டோ, வேன் ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, எனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பாதியையும் சேர்த்துச் சிறப்பாகப் பேசி அமர்ந்திருக்கும் துணைத்தலைவர் அவர்களே, பூஜைப் பொருள் கடை நடத்தும் அன்பர்களே, ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, ஆய்வாளருக்குப் போட்ட சால்வையைப் பார்த்து நமக்கும் உண்டா என்று காத்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். மைக் செட் தம்பியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் நான் பேசியும் பயனில்லை.

திருஷ்டி கழிக்கும் பொருள்களில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். உப்பும் மிளகாயும் ஒன்று. ஆரத்தி இரண்டு. எலுமிச்சை மூன்று. கற்பூரம் நான்கு. ஐந்தாவது, நம் ஊரே அறிந்த பூசணிக்காய். திருஷ்டி உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அதுபோல, நம்பாதவர் வீட்டு வாசலிலும் ஒரு படிகாரக் கட்டி தொங்குவதை மறைக்க முடியாது.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. புறநானூற்றில் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒரு வீரன். அவனைக் காக்க வீட்டில் இரவ மரத்தின் தழையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள், மை பூசுகிறார்கள், 'ஐயவி சிதறி' என்று வருகிறது, மணி அடிக்கிறார்கள், வீடு முழுக்க நறும்புகை போடுகிறார்கள். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. இன்றைக்கும் உப்பு மிளகாயோடு ஒரு சிட்டிகை கடுகைச் சேர்க்கும் பாட்டி இருக்கிறாரே, அவர் கை எவ்வளவு பழைய கை!

முதல் பொருளுக்கு வருகிறேன். ஒரு கைப்பிடி கல் உப்பு. காம்போடு காய்ந்த மிளகாய், ஒற்றைப்படையில் மூன்றோ ஐந்தோ ஏழோ. கிழக்கு முகமாக உட்காரவைத்து, வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, கொள்ளிக்கண்ணு" என்று சொல்லி அடுப்பில் போடுவது. படபடவென்று வெடித்தால் திருஷ்டி வெடித்தது என்பார்கள். கல் உப்பின் படிகத்துக்குள் உப்பளத்து நீர் துளித்துளியாகச் சிறைப்பட்டிருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகிக் கல்லைப் பிளந்துகொண்டு வருகிறது. அதனால்தான் பாக்கெட் தூள் உப்பைப் போட்டால் அந்த ஓசை வராது. போட்டுப் பார்த்துவிட்டு, "திருஷ்டியே இல்லை போலிருக்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் உப்பை மாற்றுங்கள்.

நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, வந்தால் இல்லை என்று ஒரு கணக்கு உண்டு. விறகடுப்பில் கொழுந்துவிட்டு எரியும் தீயில் போட்டால் மிளகாயின் காரம் பெரும்பாலும் எரிந்தே போய்விடும், நெடி குறைவு. அதே மிளகாயைத் தோசைக்கல்லில் வைத்துக் கீழே கேஸைப் பற்றவையுங்கள். தீயில்லாமல் கருகும், காரம் ஆவியாக எழும், மூன்றாம் மாடியில் கழித்த திருஷ்டிக்கு ஐந்தாம் மாடிக்காரர் இருமுவார். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இது விளையாட்டில்லை. நேரே பர்னரில் போட்டாலோ உப்பு துளைகளை அடைத்து, பித்தளையை அரித்துவிடும். கொட்டாங்கச்சியை மொட்டைமாடியில் நன்றாகப் பற்றவைத்து, தீ நின்று எரியும்போது போடுவதுதான் சரி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உப்பு அதே உப்பு, மிளகாய் அதே மிளகாய். அடுப்பு மாறிவிட்டது. இதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பூசணிக்காய்க்கு வேண்டியிருக்கும்.

ஆரத்தி. தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். முதலில் மஞ்சளை நன்றாகக் கரைக்க வேண்டும். பிறகு கொண்டைக்கடலையில் பாதி அளவு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தனியே இரண்டு கரண்டி நீரில் குழைத்து ஊற்ற வேண்டும். கட்டியாகப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்து, தட்டு திட்டுத்திட்டாகச் சிவக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப்பொருளைக் கண்டால் சிவக்கும். வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்துகிறதே, அதே வேலைதான். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும், பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். எவ்வளவு சுண்ணாம்பு போட்டும் சிவக்கவில்லை என்றால் நீங்கள் வாங்கியது மஞ்சள்தானா என்று யோசிக்க வேண்டும். கலப்படத்துக்குச் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் சுண்ணாம்புக்கு அசையாது. அதற்காக, சிவந்துவிட்டாலே தூள் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது, கலப்படத்தில் பல வகை உண்டு. சுண்ணாம்பு கூடினால் வேறு ஆபத்து. சுற்றும்போது ஒரு சொட்டுக் குழந்தையின் கண்ணில் தெறித்தால் கண்ணே போகலாம். கண்ணேறு கழிக்கப் போய்க் கண்ணையே கழித்த கதையாகும்.

எலுமிச்சையும் கற்பூரமும்... தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, அவை இரண்டும் அடுத்த கூட்டத்துக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கற்பூர டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் வலிப்பு வரலாம்.

இப்போது பூசணிக்காய். நாம் சாம்பாரில் போடும் மஞ்சள் பூசணி இதற்கு ஆகாது. சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி, கல்யாணப் பூசணி. அந்தச் சாம்பல் ஒரு மெழுகு. முற்றிய காயில் பொடியாய்ப் படிந்திருக்கும், தொட்டால் ஒட்டும். அதற்கு ஒரு கதை உண்டே!

ஓர் ஊரில் ஒரு குடியானவர். கொல்லைக் கூரை மேல் பூசணிக்கொடி. கொடியில் ஒரே ஒரு காய், மூன்று மாதமாக அதைப் பார்த்துப் பார்த்துக் காலையில் கஞ்சி குடிக்கிறவர். ஒருநாள் விடிந்து பார்த்தால் காம்புதான் இருக்கிறது. நாட்டாண்மையிடம் ஓடினார். நாட்டாண்மை ஊரைக் கூட்டினார். ஆலமரத்தடியில் அத்தனை பேர். எடுத்தவன் யார் என்றால் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தக் காலத்தில் பூசணிக்காயைப் போய் யார் திருடுவார்கள்?" என்று நியாயம் பேசினான். அவனேதான், நீங்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, கண்டுபிடித்துவிட்டீர்கள். நாட்டாண்மை கண்டுபிடிக்க வேண்டாமா? வெற்றிலையை மடித்தார், சுண்ணாம்பு தடவினார், வாயில் போட்டார், மென்றார், துப்பினார். ஊர் காத்திருக்கிறது. "அவ்வளவு பெரிய காயைக் கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோளில்தான் வைத்திருப்பான். வைத்தவன் தோளில் சாம்பல் இன்னும் இருக்கிறதே, நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார். நியாயம் பேசியவன் கை மெல்ல மேலே போனது. தோளைத் தடவியது. அவ்வளவுதான்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், தோளில் மறைக்க முடியாது. ஆயுத பூஜை அன்று இரவு ஏழு மணிக்குக் கடை வாசலில் காயைப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்ப் பொரிகடலை சாப்பிடுகிற நாம் எல்லோரும் ஒருமுறை தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வோம்.

முறை என்ன? காம்புப் பக்கம் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே குங்குமம், சில்லறை. துண்டை மூடி, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி உடைப்பது. குருதிப் பலிக்குப் பதிலாக வந்தது இது, கூஷ்மாண்ட பலி, அதாவது பூசணிப் பலி என்பார்கள். சிவப்பு அதற்குத்தான். உடைபட வேண்டும் என்பதுதான் முறை. தார் ரோட்டில் உடைபட வேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை.

முச்சந்தியில் உடைத்தார்களே என்பீர்கள். அந்த முச்சந்தி மண் தரை. அடுப்பு மாறியதுபோலத் தரையும் மாறிவிட்டது. இந்தக் காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தண்ணீர். 4 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொட்டியதுபோல. மண் அதைக் குடித்துவிடும், சதையை மாடு தின்னும், விதை முளைக்கும். தார் ஒரு சொட்டும் குடிக்காது. வழவழப்பான சதையும் விதையும் தாருக்கும் டயருக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். பின்னால் வரும் டூவீலர்க்காரர் இருட்டில் பார்த்துப் பதறி முன்பிரேக்கைப் பிடிப்பார். முன்சக்கரம் வழுக்கியபின் காலை ஊன்றித் தப்புவது கடினம். புரட்டாசி, ஐப்பசித் தூறல் வேறு. குங்குமம் ஒரு சிட்டிகை போதும் என்கிற இடத்தில் நூறு கிராம் பாக்கெட்டைக் கொட்டுகிறோம். அதுவும் சாயக் குங்குமம். மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடிப்பதல்லவா குங்குமம்! சாயத்தையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான் மாடு தின்கிறது. உள்ளே போட்ட காசுக்காகச் சின்னப் பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே குனிகிறார்கள்.

ஆய்வாளர் அவர்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது, அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 285ஆம் பிரிவு, பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினால் 5000 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இது 200 ரூபாய். இந்த முழுப் பூசணிக்காயை நாளைக்கு எந்தச் சோற்றிலும் மறைக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கடை வாசற்படியின் உட்பக்கம் இரட்டையாக ஒரு சாக்கை விரியுங்கள். காசு போடாதீர்கள், அதை உண்டியலில் போடுங்கள். கற்பூரம் முழுக்க அணைந்தபிறகு, சாக்கின் நடுவே காயை ஓங்கிப் போடுங்கள். முழங்கால் உயரத்திலிருந்து போட்டால் விரிசல்தான் விடும், இடுப்பு உயரம் வேண்டும். நான்கு முனையையும் சேர்த்துக் கட்டி, வீட்டுத் தென்னைக்கோ வேறு மரத்துக்கோ அடியில் கொண்டுபோய்க் காயை மண்ணில் புதையுங்கள். குங்குமம் மஞ்சளில் செய்ததாக இருக்கட்டும்.

பழைய அரிசிச் சாக்குகளை அரிசி மண்டிக்காரர்கள் அன்போடு கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் தனி வணக்கம். வாசலில் அடுக்கியிருக்கிறது. கடைக்கு இரண்டு, ஆட்டோவுக்கு ஒன்று. முண்டியடிக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.