கேமராவைக் கைமாற்றிய பேராசிரியர்

அவையோருக்கு வணக்கம்.

ஆவணப்பட இயக்குநர் ஒருவரைப் பற்றிப் பேச வந்தால் விருதுப் பட்டியலில் தொடங்குவது மேடை மரபு. ஜார்ஜ் ஸ்டோனிக்கு அது பொருந்தாது. தம் பெயரைப் படத்தின் தலைப்பில் பெரிதாகப் போட்டுக்கொள்வதில் அக்கறை காட்டாத மனிதர் அவர்.

1916இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். படம் எடுக்க வருவதற்கு முன், தென்மாநிலங்களில் யாருக்கு வாக்குரிமை கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற பெரிய ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டினார். ஏழை விவசாயிகளுக்கு உதவும் அரசுத் துறை ஒன்றில் செய்தித் தொடர்பு வேலையும் பார்த்தார். எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கும் பழக்கம் அப்போதே படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1953இல் வந்த ‘ஆல் மை பேபீஸ்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறைக்காக, கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்ல எடுத்த பயிற்சிப்படம் அது. கைகளை எப்படித் தேய்த்துக் கழுவுவது, பையில் எதையெல்லாம் எடுத்துவைப்பது என்று சொல்ல வேண்டிய படம். இப்படிப்பட்ட அரசுப் படங்கள் பெரும்பாலும் ஒருமுறை ஓடிவிட்டு அலமாரிக்குப் போய்விடும். இது தப்பியதற்குக் காரணம் மேரி கோலி. ஆல்பனி நகரைச் சேர்ந்த கறுப்பின மருத்துவச்சி. 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்தவர். கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் பள்ளி முதல் மருத்துவமனை வரை எல்லாம் தனித்தனி என்றிருந்த ஊரில், ஒரு கறுப்பினப் பெண்ணைத் தொழில் தெரிந்த ஆசானாகத் திரையில் நிறுத்தினார் ஸ்டோனி. உண்மையான பிரசவமே படத்தில் வருகிறது. 2002இல் இதை அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேரி கோலி தம் வேலையைத் தாமே நடித்துக் காட்டினாலும், எதைக் காட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் மருத்துவர்களும் அதிகாரிகளும்தான்; எழுதி இயக்கிய ஸ்டோனியும் ஒரு வெள்ளையர். ஸ்டோனியின் பிற்காலப் பணி முழுவதையும் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

1968இல் கனடா தேசியத் திரைப்பட வாரியம், வறுமையைப் பற்றிய தன் படத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர். அக்வெசாஸ்னே பகுதியின் மோஹாக் பழங்குடி மக்கள் கார்ன்வால் தீவுப் பாலத்தை மறிக்கத் தீர்மானித்தார்கள். அவர்களுடைய நிலத்தின் நடுவே கனடா–அமெரிக்க எல்லை ஓடுகிறது; வாங்கிவரும் சாமான்களுக்குக் கனடா சுங்கம் வசூலித்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1794இல் செய்துகொண்ட ஜே ஒப்பந்தம் தங்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு தருகிறது என்பது அவர்கள் வாதம். வாரியத்தில் பயிற்சி பெற்றுவந்த மோஹாக் இளைஞர் மைக் மிட்செல் படக்குழு வேண்டும் என்று கேட்டார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் நிறுவனம், அரசாங்கத்தை எதிர்க்கும் மறியலைப் படம் பிடிக்க ஆள் அனுப்பியது. பனியில் நடந்த தள்ளுமுள்ளு, கைது எல்லாம் அதில் பதிவாயின. ‘யூ ஆர் ஆன் இண்டியன் லேண்ட்’ 1969இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் மிட்செல்தான் என்று வாரியம் முறையாக ஒப்புக்கொள்ள 2017 வரை ஆனது. எண்ணம் முன்னே ஓடியது. ஏட்டில் பெயர் ஏற அரை நூற்றாண்டு பிடித்தது.

பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம். அங்கே ரெட் பர்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய வீடியோ கருவி அப்போதுதான் கைக்கு எட்டியிருந்தது. கேபிள் தொலைக்காட்சியில் ஒரு சேனல் பொதுமக்களுக்கு, நிகழ்ச்சியைத் தயாரிப்பவரும் அவர்களே என்ற ஏற்பாட்டுக்காக ஓயாமல் வாதாடினார். 1972இல் பெரிய சந்தைகளில் அது கட்டாயமானது. 1979இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. 1984ஆம் ஆண்டுச் சட்டம், அப்படியொரு சேனலைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தந்தது.

ஆசிரியராக அவரைப் புரிந்துகொள்ள ‘ஹவ் தி மித் வாஸ் மேட்’ என்ற அவருடைய படம் போதும். ஆவணப்பட முன்னோடி ஃபிளாகெர்ட்டி 1934இல் எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்தை எடுத்துக்கொண்டு, அது படமாக்கப்பட்ட அயர்லாந்தின் ஆரன் தீவுக்கே போனார் ஸ்டோனி. அது ஸ்டோனியின் முன்னோர் வாழ்ந்த மண்ணும்கூட. ஃபிளாகெர்ட்டியின் படத்தில் வரும் குடும்பம் நிஜக் குடும்பம் அன்று. சுறா வேட்டை அத்தீவில் எப்போதோ கைவிடப்பட்டது. படத்துக்காக மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். இவற்றையெல்லாம் தீவுவாசிகளிடமே கேட்டுப் பதிவு செய்தார். முன்னோடியை மட்டம் தட்டும் தொனி எங்கும் இல்லை. நாம் இன்று திறனாய்வு என்ற பெயரில் செய்வதை எண்ணிப் பாருங்கள்!

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தம்மைவிட மிக இளையவரான ஜூடித் ஹெல்ஃபாண்டுடன் சேர்ந்து 1934ஆம் ஆண்டு நெசவாலை வேலைநிறுத்தத்தைத் தேடிப் போனார். தென் கரோலினாவின் ஹனியா பாத் ஊரில் செப்டம்பர் 6 அன்று ஆலை வாசலில் ஏழு தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஊரே வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகளுக்கே சொல்லவில்லை. ‘தி அப்ரைசிங் ஆஃப் 34’ 1995இல் ஒளிபரப்பானது. அதே ஆண்டு அந்த ஊரில், இறந்தவர்களுக்குக் கல் நாட்டினார்கள். ஒரு ஆவணப்படத்துக்கு வேறு என்ன விமர்சனம் வேண்டும்?

எல்லாம் சரி, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றால் வெறுப்பைக் கக்குகிறவனும் வருவானே என்று நீங்கள் கேட்கலாம். வந்தான். 1988இல் கான்சாஸ் சிட்டியின் பொதுமக்கள் சேனலில், வெள்ளையர் மேலாதிக்கம் பேசும் கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பு இடம் கேட்டது. அவர்களை உள்ளே விடாமலிருக்க நகர மன்றம் சேனலையே மூடியது, வழக்கு நடந்தது, அடுத்த ஆண்டே திரும்பத் திறக்க வேண்டிவந்தது. இன்று ஒவ்வொருவர் கைபேசியிலும் ஒரு சேனல் இருக்கிறது. அந்த வழக்கின் கேள்வி இன்னும் தீரவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் வகுப்பெடுத்த ஸ்டோனியிடம் அதற்கு ஆயத்தமான விடை இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். உங்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இப்போது பேசலாம். ஒலிவாங்கி அங்கே வருகிறது.