பெர்லினில் முதல் மாதம்: முகவரி இருந்தால்தான் மற்றதெல்லாம்

[திரையில்: பெர்லின் விமான நிலையத்தில் பெட்டியோடு வெளியே வரும் மாணவர்கள்]

வணக்கம். அக்டோபரில் பெர்லினில் படிப்பு தொடங்கப் போகிறவர்களுக்கான வீடியோ இது. பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது, குக்கர் கொண்டுபோகலாமா என்பதற்கெல்லாம் ஏற்கெனவே நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. இதில் முகவரியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். பெர்லினில் முதல் மாதம் திணறும் மாணவர்களில் பலருடைய சிக்கல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால், 14 நாட்களுக்குள் அந்த முகவரியை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பதிவு முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். வரி எண் அதன் பிறகுதான் தபாலில் வரும். பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தால் அந்த எண்ணைக் கேட்பார்கள். பல வங்கிகள் கணக்கு திறக்கவும் இந்தத் தாளைக் கேட்கும். வங்கிக் கணக்கு இல்லையென்றால், விசாவுக்காக, ஒரு வருடச் செலவுக்கென்று தனிக் கணக்கில் நீங்கள் முடக்கி வைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வராது. பணம் உங்களுடையதுதான், ஆனால் எடுக்க வழி இருக்காது.

[திரையில்: வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவம்]

பதிவு செய்ய என்ன வேண்டும்? பாஸ்போர்ட், விண்ணப்பம், அப்புறம் இந்த ஒரு பக்கப் படிவம். "இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடியேறினார்" என்று வீடு கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அதனால் அறை தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "இங்கே அன்மெல்டுங் செய்யலாமா?" என்று கேட்டுவிடுங்கள். செய்ய முடியாது என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு வாரம் தலைசாய்க்க அந்த அறை போதும், மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

அறை கிடைப்பது லேசில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. அரசு மாணவர் விடுதிகள்தான் மலிவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பெயரைக் கொடுத்து வையுங்கள். மற்றபடி பெரும்பாலானோர் தேடுவது வேகே, அதாவது மூன்று நான்கு பேர் ஒரே வீட்டைப் பகிர்ந்து ஆளுக்கொரு அறையில் இருப்பது. நகரின் நடுப்பகுதியில் ஓர் அறைக்கு 600, 700 யூரோ கேட்பது சாதாரணம். மின்சாரம், வெப்பமூட்டல் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத் தொகை வரை முன்பணமாக வாங்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. முடக்கிய பணத்தை நம்பி மட்டும் விமானம் ஏறாதீர்கள், இதற்கென்று தனியாக ஒரு தொகை கையில் இருக்கட்டும்.

"நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். படங்கள் அழகாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், பாஸ்போர்ட் நகல்கூட அனுப்புவார்கள். ஊரில் அப்பா அம்மா கடன் வாங்கிக் கொடுத்த பணம் இப்படித்தான் போகிறது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

[திரையில்: நகரைச் சுற்றும் எஸ்-பான் (நகர ரயில்) வட்டப் பாதை]

இதோ இந்த வட்டம்தான் ரிங். எஸ் 41, எஸ் 42 ரயில்கள் 27 நிலையங்களைத் தொட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று வரும். எல்லோரும் இதற்குள்ளேயே அறை தேடுவதால்தான் உள்ளே அவ்வளவு நெருக்கடி. ரிங்குக்கு வெளியே லிஷ்டன்பெர்க், மார்ட்சான், ஷ்பாண்டாவ் பக்கம் போய்ப் பாருங்கள். மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட் இருந்தால் தூரத்துக்குத் தனிச் செலவு இல்லை. சென்னையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போய்வந்தவர்களுக்கு நாற்பது நிமிட ரயில் பயணம் பெரிய விஷயமே இல்லை.

சரி, அறை கிடைத்துவிட்டது. பதிவு செய்யும் அலுவலகம் பியூர்கர்அம்ட். உங்கள் வட்டார அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பெர்லினில் எந்தக் கிளையும் சரிதான். போவதற்கான நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்வதுதான் வழக்கம். காலியான நேரம் எதுவும் காட்டவில்லையா? காலையில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் அவ்வப்போது வரும். 14 நாளைத் தாண்டிய தேதிதான் கிடைக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொண்டு, முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். கத்தோலிக்கர் அல்லது சீர்திருத்தத் திருச்சபை என்று குறித்தால், பின்னால் வருமான வரி கட்டும் காலத்தில் அந்த வரியில் 9 சதவீதம் திருச்சபை வரியாகக் கூடுதலாகப் பிடிப்பார்கள். தெரிந்து நிரப்புங்கள்.

[திரையில்: கட்டட வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்]

இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இந்தக் கட்டடத்தில் இருபது வீடுகள், ஆனால் எந்தப் பெட்டியிலும் கதவு எண் இல்லை. தபால்காரர் பார்ப்பது பெயரை மட்டும்தான். உங்கள் பெயர் அங்கே ஒட்டப்படவில்லை என்றால், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போகும்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். நீங்கள் கார்த்திக், அப்பா முருகேசன் என்றால், கடிதங்கள் முருகேசன் என்ற பெயருக்கு வரும். பெட்டியில் கார்த்திக் என்று மட்டும் ஒட்டினால் பலனில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டையும் எழுதி, வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் ஒட்டுங்கள். வீட்டுக்குள் நுழைந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

மற்றவை தானாகப் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். வேலையைப் பொறுத்தவரை, வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வரை செய்யலாம்.

டிசம்பரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வகுப்பு முடிந்து அறைக்குள் போனால் மறுநாள் காலை வரை யாரிடமும் பேசாமல் இருந்துவிட முடியும், அதுதான் ஆபத்து. நவம்பருக்குள் வாரம் ஒரு நாளாவது வெளியே இழுக்கும் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளுக்கு மாணவர் கட்டணம் குறைவு, ஆனால் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பிரிட்ஸ் பகுதியில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. சாமி கும்பிடும் பழக்கம் இல்லாவிட்டாலும் ஒரு முறை போய்வாருங்கள். பல ஆண்டுகளாக இந்த ஊரில் குடும்பம் நடத்தும் தமிழர்களை அங்கே பார்க்கலாம். எந்த வட்டாரத்தில் அறை காலியாக இருக்கிறது என்பதை விளம்பரத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள்.