'தற்காலிகம்' என்ற சொல்லின் ஆயுள்

[திரையில்: ஒரு சட்டத்தின் முகப்புப் பக்கம். ஒரு சொல் மட்டும் மஞ்சள் நிறத்தில்.]

இந்தச் சட்டத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். பயங்கரவாதத் தடை 'தற்காலிக ஏற்பாடுகள்' சட்டம், 1979. இலங்கையில் மூன்றே ஆண்டுகளுக்கு என்று கொண்டுவந்தார்கள். 1982-இல் ஒரு திருத்தம் அந்த வரம்பை நீக்கிவிட்டது. 2009-இல் போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. அமைச்சரின் உத்தரவில் ஒருவரை விசாரணையின்றி 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்றிருந்தது. அது 12 மாதமாகக் குறைந்ததே 2022-இல்தான். உயர் காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடும். அப்படிச் சிறையில் இளமையைத் தொலைத்த தமிழர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அரசுகள் பயத்தைக் கிளப்பிவிடுகின்றன என்று பொதுவாகச் சொல்வோம். பல நேரங்களில் அதற்குத் தேவையே இருப்பதில்லை. குண்டு உண்மையாகவே வெடித்திருக்கும், நோய் உண்மையாகவே பரவிக்கொண்டிருக்கும். 'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்பதும் நாம்தான். அந்த நேரத்தில் எழுதப்படும் உத்தரவில் நாம் தேடவேண்டியது ஒரு தேதியை. இது என்றைக்கு முடியும்?

[திரையில்: எரியும் கட்டடம், பெர்லின்.]

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதங்களின் அந்தரங்கம் எல்லாம் 'மறு அறிவிப்பு வரும்வரை' நிறுத்திவைக்கப்பட்டன. 1945-இல் நாஜி ஆட்சி வீழும்வரை அந்த மறு அறிவிப்பு வரவேயில்லை.

ஏன் யாரும் திருப்பி எடுப்பதில்லை? அமைச்சரின் இடத்திலிருந்து பாருங்கள். அதிகாரத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டித்தால் யாரும் பெரிதாகக் கேட்கப்போவதில்லை. விலக்கிக்கொண்ட மறுவாரம் ஒரு தாக்குதல் நடந்தாலோ, பழி முழுக்க அவர் தலையில். கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அடுத்து வருபவரும் போடுகிறார். எதிர்க்கட்சியில் இருந்தபோது இதே சட்டத்தை எதிர்த்தவருக்குக்கூட, பதவிக்கு வந்தபின் அது கைக்கு வசதியாகிவிடுகிறது. எகிப்தில் 1981-இல் அதிபர் சதாத் கொல்லப்பட்டபின் வந்த அவசரநிலை இப்படித்தான் நீட்டிப்புமேல் நீட்டிப்பாக 2012 வரை ஓடியது. பிரான்சில் வேறு மாதிரி. 2015 தாக்குதல்களுக்குப் பின் வந்த அவசரநிலை 2017-இல் முடிந்தது. ஆனால் அதன் அதிகாரங்களில் சில சாதாரணச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன.

[திரையில்: 1975 ஜூன் 25.]

பிடுங்கியதை மீட்க முடியுமா? இந்தியா ஓரளவு மீட்டது. அன்றிரவு குடியரசுத் தலைவர் அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியதே மறுநாள் காலையில்தான். சொன்ன காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. எதை வேண்டுமானாலும் அதற்குள் அடக்கிவிடலாம்! 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று எழுதியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் ஒப்புதல் தராவிட்டால் அவசரநிலை தானே காலாவதியாகும். உயிர்வாழும் உரிமையை எந்த அவசரநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது.

இந்தக் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அவசரநிலையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். மறு ஆண்டு அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள்; கன்னா பதவி விலகினார். அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக அறிவித்தது 2017-இல்.